அப்பான்னா கொரியாவுலயும் அப்பாதான்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோயில் போகிற சாலையில் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஷிப்ட் நேரமாக இருந்தால் உட்கார இடம் கிடைக்காது. பரவாயில்லை, நின்றுகொண்டே ஜன்னல் வழியாகப் போர்டுகளைப் படிக்கலாம். சில ஹோட்டல் போர்டுகளில் வட்டமும் குச்சியுமாக, பாதியில் விட்டுவிட்டுப் போன கோலம் மாதிரி கொரிய எழுத்து. அடுத்த கடையில் 'இங்கு சுவையான பிரியாணி கிடைக்கும்' என்று செந்தமிழ். அதற்கும் அடுத்த தள்ளுவண்டியில் இந்தி.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அஸ்திவாரம் போட்டபோது ஆரம்பித்த சமாசாரம் இது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. கொரியாக்காரர்கள் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. 2010-ல் ரெனோவும் நிஸ்ஸானும் ஒரகடத்தில் ஒரே கூரையின் கீழ் கார் பண்ண ஆரம்பித்தன. 2012-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் லாரி. அந்த மெஷின்களுக்கு முன்னால் நிற்பதற்கு நம்ம திருவண்ணாமலை, விழுப்புரம் பையன்கள் மட்டும் போதாமல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள்.

விளைவு, இங்கே டீ மாஸ்டருக்குக்கூட நாலு பாஷை தெரியும். "பையா, ஏக் டீ, தோ வடை, சில்லறை நஹி" என்று அவர் பேசுவதை இலக்கணப் பண்டிதர் கேட்டால் மயக்கம் போடுவார். ஆனால் டீ சரியான ஆளிடம் போகிறது, காசும் கல்லாவுக்கு வந்துவிடுகிறது.

இந்த ஏரியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை. கடிதத்தை அப்படியே தருகிறேன்:

"சார், என் பொண்ணு யூகேஜி படிக்குது. என்கிட்ட தமிழ்ல பேசும். என் சம்சாரத்துக்கு சூளூர்பேட்டைப் பக்கம், அதனால பாட்டிகிட்ட தெலுங்கு. பக்கத்து போர்ஷன்ல ஒரிசாக்காரங்க, அந்தப் பையனோட விளையாடறது அரைகுறை இந்தி. ஸ்கூல்ல இங்கிலீஷ். போன வாரம் மிஸ் கூப்பிட்டு, 'குழந்தை எல்லாத்தையும் கலந்து பேசுது, கன்ஃப்யூஸ் ஆகுது. இனிமே வீட்ல எல்லாரும் இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்'னு சொல்லிட்டாங்க. எனக்கு இங்கிலீஷ்ல லீவ் லெட்டர்தான் சார் எழுத வரும். அதுல எப்படி குழந்தைக்குக் கதை சொல்றது? குழந்தை மூளை என்ன கன்டெய்னர் லாரியா, இத்தனை லோடு தாங்குமா?"

நல்ல கேள்வி. இருமொழியா, மும்மொழியா என்று நம் சட்டசபை 1968-ல் தீர்மானம் போட்டும் இன்னும் ஓயாத சண்டை ஒன்று இருக்கிறது. அதில் நான் தலையிடப் போவதில்லை. அதற்கென்றே முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். இது அஞ்சு வயசுக் குழந்தையின் தலைக்குள் நடக்கிற விஷயம்.

★ ★ ★

அந்த மிஸ்ஸைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னதை நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே சொல்லியிருக்கிறார்கள். 1923-ல் டி.ஜே. ஸேர் என்பவர் பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்துப் பிள்ளைகளுக்குப் புத்திசாலித்தனப் பரீட்சை வைத்தார். வெல்ஷ், இங்கிலீஷ் இரண்டும் பேசுகிற கிராமத்துப் பிள்ளைகள் மார்க்கில் பின்தங்கினார்கள். 'பார்த்தீர்களா, ரெண்டு பாஷை வந்தால் மூளை குழம்புகிறது' என்று முடிவு கட்டிவிட்டார்கள். நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசமே தென்படவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தின் வசதி, பள்ளிக்கூடத்தின் தரம் இதையெல்லாம் கழித்துப் பார்க்கவும் தோன்றவில்லை. வறுமைக்கு வைத்த பரீட்சையில் பாஷை ஃபெயிலாகிவிட்டது!

இந்தப் பயம் நாற்பது வருஷம் ஓடியது. 1962-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர் ஒழுங்காகச் செய்தார்கள். பத்து வயசுப் பிள்ளைகள், ஒரே மாதிரியான குடும்பங்கள். பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், பிரெஞ்சும் இங்கிலீஷும் சரளமாகத் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு மொழிக்காரர்கள்தான் பெரும்பாலான பரீட்சைகளில் முன்னால் வந்தார்கள்.

உடனே கடிகார பெண்டுலம் எதிர்ப்பக்கம் போயிற்று. 'இரண்டு பாஷை பேசினால் கவனம் கூர்மையாகும், மூளை பளபளக்கும்' என்று ஒரே புகழாரம். கனடாவின் எலன் பியாலிஸ்டாக் போன்றவர்கள் நிறைய எழுதினார்கள். தலைக்குள் எப்போதும் இரண்டு பாஷையும் விழித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றை அடக்கி மற்றதைப் பேச வேண்டியிருக்கிறது. அந்தத் தினசரி தண்டால் பஸ்கியில் கவனம் பலப்படுகிறது என்பது வாதம்.

அதற்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் 9, 10 வயசுப் பிள்ளைகள் சுமார் 4500 பேரை வைத்துப் பார்த்தார்கள். கவனம், கட்டுப்பாடு விஷயத்தில் இருமொழிக் குழந்தைகளுக்குத் தனி லாபம் எதுவும் தெரியவில்லை.

ஆக, பல பாஷை பேசுவது மூளைக்கு விஷமும் இல்லை, கடையில் விற்கிற ஞாபகசக்தி லேகியமும் இல்லை. 'இங்கிலீஷ் மீடியம் சேர்த்தால் குழந்தை ஜீனியஸ்' என்று விளம்பரப்படுத்துபவர்களும், 'தமிழ் பேசினால் குழந்தை குழம்பும்' என்று பயமுறுத்துபவர்களும் ஒரே கடையின் இரண்டு கவுன்ட்டர்கள்.

★ ★ ★

வெள்ளைக்காரன் கதை போதும், நம் ஊருக்கு வருவோம். நம் வாசகரின் பக்கத்து போர்ஷன்காரர்களின் மாநிலத்திலேயே நடந்த ஒரு அருமையான ஆராய்ச்சி இருக்கிறது.

ஒடிசாவின் மலைப்பகுதியில் கோந்த் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாஷை குயி. சில ஊர்களில் அவர்கள் குயியையே மறந்து ஒடியா மட்டும் பேசுகிறார்கள். வேறு சில ஊர்களில் குயி, ஒடியா இரண்டும் பேசுகிறார்கள். அதே ஜனங்கள், அதே வறுமை, அதே பண்டிகை. வித்தியாசம் பாஷை மட்டும்தான். வேல்ஸில் ஸேருக்கு வாய்க்காத சோதனைக்கூடம்! உளவியல் பேராசிரியர் அஜித் மொஹந்தி பல வருஷங்கள் இந்தக் குழந்தைகளோடு உழைத்தார். இரண்டு பாஷையையும் விடாமல் வைத்திருந்த குழந்தைகள்தான் பல சோதனைகளில் மேலே இருந்தார்கள். முக்கியமாக, வார்த்தை வேறு, அது குறிக்கிற பொருள் வேறு என்கிற சூட்சுமம் அவர்களுக்குச் சுலபமாகப் புரிந்தது. நாய்க்கு நாளையிலிருந்து பூனை என்று பெயர் வைத்தால் அது குரைக்குமா, மியாவ் என்று கத்துமா? இரண்டு பாஷைக் குழந்தை, 'குரைக்கும். பேர்தானே மாறிச்சு!' என்று சொல்லிவிடும். பின்னாளில் 'எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்' என்று கணக்கு வாத்தியார் ஆரம்பிக்கும்போது இந்தப் புத்திதான் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று ஹைதராபாத்தில். நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதி நோய் வந்த 648 பேரின் விவரங்களை அலசி 2013-ல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம்கூட இந்த வித்தியாசம் இருந்தது. அதாவது, இது பள்ளிக்கூடம் போனதால் வந்த லாபம் இல்லை. தெருவில் பேசியதால் வந்தது. இதற்கும் மறுப்புச் சொல்கிறவர்கள் உண்டு. இருந்தாலும் நம் டீ மாஸ்டருக்குத் தைரியமாகச் சொல்லலாம்: அண்ணே, பாக்கிக் கணக்கு உங்களுக்கு ரொம்ப நாளைக்கு மறக்காது.

★ ★ ★

சரி, குழந்தை கலந்து பேசுகிறதே?

கலந்து பேசுவது குழப்பம் இல்லை. கைக்கு அகப்பட்ட ஸ்பானரை எடுக்கிற மாதிரி, அந்த நேரத்தில் வாய்க்கு வந்த வார்த்தையைக் குழந்தை எடுக்கிறது. "அம்மம்மா, நாக்கு வாட்டர் வேணும்" என்கிற அதே குழந்தை கொரிய மாமாவைப் பார்த்தால் தெலுங்கில் பேசாது, கவனியுங்கள். யாரிடம் எது பேசலாம் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பாஷையிலும் தனியாக எண்ணினால் வார்த்தைகள் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒருமொழிக் குழந்தைக்குச் சமமாக வந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு வயசு முடிந்தும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாத குழந்தை என்றால், 'வீட்டில் ரெண்டு பாஷை, அதான் லேட்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பழியைப் பாஷை மேல் போட்டுவிட்டுக் காதைப் பரிசோதிக்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, படிப்புக்கு இது எப்படி உதவுகிறது என்று பார்ப்போம். முக்கால் இஞ்ச் பைப் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போகிற பையனுக்கு அரை, கால், முக்கால் எல்லாம் கையிலேயே தெரியும். நம் பாட்டிமார்களுக்கு அதற்குக் கீழே அரைக்கால் என்று எட்டில் ஒரு பங்கும், மாகாணி என்று பதினாறில் ஒரு பங்கும் தெரியும். அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்று கேட்கும்போது புதிதாகக் கற்க வேண்டியது ஒரு பெயரைத்தான், கணக்கை அல்ல. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-லிருந்து சொல்லி வருவது சுருக்கமாக இதுதான்: ஒரு மொழியில் ஆழமாகப் புரிந்தது அடுத்த மொழிக்குத் தானே குடிவந்துவிடும். முதல் மொழியில் புரியவே இல்லை என்றால் குடிவர அங்கே ஆளே இல்லை.

எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். தமிழ்க் குழந்தைக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ஜூ-இச்சி, அதுவும் பத்து-ஒன்று. கொரியனிலும் அப்படியே. இங்கிலீஷில் 'லெவன்' என்றால் அதில் பத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டில் பதினொன்று பழகிய குழந்தைக்கு இது நஷ்டமா, லாபமா, நீங்களே சொல்லுங்கள். (எண்பதுக்கு அடுத்து தொண்ணூறு என்று நாம் ஏன் நூறை உள்ளே இழுத்தோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.)

ஜப்பானிய மொழி கற்கிற நம் பையன்களுக்கு இன்னொரு சௌகரியம். 'வதாஷி வா கோஹான் ஓ தபெமாஷிதா' என்றால் 'நான் சோற்றைச் சாப்பிட்டேன்'. முதலில் நான், நடுவில் சோறு, கடைசியில் சாப்பிட்டது. 'ஐ' உருபுக்குப் பதில் 'ஓ'. வாக்கியத்தைத் தலைகீழாக நிறுத்த வேண்டியதே இல்லை. கொரியனிலும் வினைச்சொல் கடைசியில்தான். அப்பாவுக்கு அங்கேயும் அப்பா. 'நா' என்றால் நான். ஒரகடத்தில் ஒரு பூங்காவில் குழந்தை "அப்பா!" என்று கத்தினால் தமிழர் ஒருவரும் கொரியர் ஒருவரும் சேர்ந்து திரும்பிப் பார்க்க நியாயம் இருக்கிறது. இதை வைத்து ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியனுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு என்று இலக்கண நூலே எழுதினார். மொழியியல்காரர்கள் இன்றுவரை அந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, கற்றுக்கொள்வதற்குச் சௌகரியம் இருக்கிறதே! சென்னையில் 2006-லிருந்து இன்கோ சென்டர் இருக்கிறது. ஜப்பானிய மொழிக்கு ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் இருக்கிறது. ஜப்பானிய மொழித் தேர்வில் என்5-லிருந்து என்1 வரை ஐந்து படி. முதல் படியில் கால் வைப்பதற்கு ஜீனியஸாக இருக்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருந்தால் போதும்.

ஸ்ரீபெரும்புதூருக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. 1017-ல் இங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் ராமானுஜர் நூல்களை எழுதியது வடமொழியில்; உருகியது ஆழ்வார்களின் தமிழில். திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதிய அவருடைய சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான், இரண்டையும் கலந்து மணிப்பிரவாளத்தில் எழுதினார். அவரை யாரும் 'கன்ஃப்யூஸ் ஆகுது' என்று சொன்னதாகத் தகவல் இல்லை.

★ ★ ★

அப்படியானால் எல்லாமே நன்றாகத்தானே இருக்கிறது என்கிறீர்களா? இல்லை.

ஃபேக்டரிப் பையன்களுக்குத் தெரிந்த ஒரு ஜப்பானிய வார்த்தை: போகா-யோகே. பாகத்தைத் தப்பாக மாட்டவே முடியாதபடி ஜிக்கை வடிவமைப்பது. 1960-களில் ஷிகேயோ ஷிங்கோ இதை முதலில் பாகா-யோகே என்றுதான் அழைத்தார். பாகா என்றால் முட்டாள். 'முட்டாளாலும் கெடுக்க முடியாத ஏற்பாடு' என்று அர்த்தம். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணுக்கு இது மனசைக் குத்திவிட்டது. 'நான் முட்டாளா?' என்று கலங்கினாராம். ஷிங்கோ யோசித்துப் பெயரை மாற்றினார். போகா என்றால் கவனப்பிசகு. தப்பு நடந்தால் ஆளைத் திட்டாதே, ஏற்பாட்டைச் சரிசெய் என்பது அந்த ஒரு எழுத்து மாற்றத்தில் வந்துவிட்டது.

நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் பாகா-யோகேதான் ஓடுகிறது. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, பாலிடெக்னிக்கிலோ இன்ஜினீயரிங்கிலோ முதல் நாள் இங்கிலீஷ் வெள்ளத்தில் விழுந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே ஆயிரக்கணக்கில் இருப்பீர்கள். ஸ்பானரைத் தூர நீட்டிப் பிடித்தால் நட்டு சுலபமாக இறுகும் என்று ஒன்பது வயசில் சைக்கிள் கடையில் தெரிந்துகொண்ட பையன், 'டிஃபைன் டார்க்' என்ற கேள்விக்கு முழித்தான். அவனுக்கு டார்க் தெரியாமல் இல்லை. அந்தப் பெயருக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் பாலம் போட ஆள் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழில் படிக்கலாம் என்று 2010-ல் ஒரு கதவைத் திறந்தது. மற்றவர்கள் அரியர் எழுதினார்கள். 'மக்கு' என்று பெயர் வாங்கினார்கள். சிலர் அதை நம்பியும் விட்டார்கள். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இப்போது அதே நாற்காலியில் ஒடிசாக்காரர் மகன் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் ஒடியா, வகுப்பில் தமிழ். வாத்தியார் சொல்வது புரியாமல் பின் பெஞ்சில் சும்மா இருக்கிறான். சும்மா இருப்பவனை மந்தம் என்று நினைப்பது எல்லோருக்கும் சுலபம். தாய்மொழியில் சொல்லிக் கொடுப்பதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை எழுதிவிட்டது. தமிழுக்காக நாம் கேட்ட அதே நியாயத்தைத்தான் அந்தப் பையனும் கேட்கிறான், ஒடியாவில். அதனால் நமக்குக் கேட்கவில்லை.

கடிதம் எழுதிய நண்பருக்கு: மிஸ்ஸிடம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் நீங்கள் தமிழே பேசுங்கள். பேசுவது மட்டும் போதாது. கதை சொல்லுங்கள், 'ஏன்?' என்று கேட்டால் பதில் சொல்லுங்கள், கம்பெனியில் அன்றைக்கு ஒரு பாகம் ஏன் ரிஜெக்ட் ஆயிற்று என்று சொல்லுங்கள். தப்புத் தப்பான இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசும் அப்பாவைவிட, நல்ல தமிழில் நானூறு வார்த்தை பேசும் அப்பா குழந்தைக்கு உபயோகம். பாட்டி தெலுங்கை நிறுத்த வேண்டாம். இங்கிலீஷைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத்தானே ஃபீஸ் கட்டுகிறீர்கள்! ராத்திரி தமிழில் கேட்ட கதையின் படத்தைக் காட்டி, இங்கிலீஷில் அதற்கு என்ன பெயர் என்று குழந்தையையே கேளுங்கள். அதுதான் நான் சொன்ன பாலம். லோடு தாங்குமா என்று கவலைப்படாதீர்கள். இறக்கிவைக்கச் சொன்னால்தான் ஆபத்து.

மற்ற நண்பர்களுக்கு ஒரு சின்ன ஹோம்ஒர்க். உங்கள் லைனில் பக்கத்தில் நிற்கிற ஒடிசாக்காரன் ஆறே மாதத்தில் 'அண்ணே, சாப்ட்டாச்சா?' என்று கேட்கக் கற்றுக்கொண்டான். நீங்கள் அவனோடு எத்தனை வருஷமாக வேலை செய்கிறீர்கள்? அவன் பாஷையில் எத்தனை வார்த்தை தெரியும்? நாளைக்கு ஷிப்ட் மாறும்போது "கெமிதி அச்சோ?" என்று கேட்டுப் பாருங்கள். 'எப்படி இருக்கே?' என்று அர்த்தம்.

அவன் பதிலுக்குக் கடகடவென்று ஒடியாவில் கொட்ட ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை.